வட்டத்தை வெறுமனே விடாதவர்

“உங்க மண்டைக்குள்ள எல்லாம் என்னதான்யா இருக்கு?”

கையிலிருந்த மார்க்கரை மேசைமேல் போட்டுவிட்டு பிசிக்ஸ் சார் கேட்டார். விருதுநகரில் ஒரு பலசரக்கு மண்டியின் மாடியில் நடந்த நீட் பயிற்சி வகுப்பு அது. கீழே மிளகாய் வத்தல் மூட்டை இறங்கும் நாட்களில் நெடி படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். நியூட்டனின் மூன்று விதிகளையும் நாங்கள் தும்மிக்கொண்டேதான் படித்தோம். மாதிரித் தேர்வில் வகுப்பே கவிழ்ந்து கிடந்த ஒரு சனிக்கிழமையில்தான் சார் அப்படிக் கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். தலையைக் குனிந்து, பெஞ்சின் மேல் இல்லாத ஏதோ ஒரு பொருளைத் துக்கத்தோடு பார்க்க வேண்டும். நான் அதில் கைதேர்ந்தவன். அன்றும் ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

“மூளை சார்,” என்றது ஒரு குரல். “சுமாரா ஒண்ணேகால் கிலோ.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சார் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். கிடைக்கவில்லை. கேட்டார்கள், சொன்னேன் என்கிற முகம் அது. அந்த வகுப்பின் கோமாளிப் பதவி என்னிடம் இருந்தது. மார்க்கில் என்னை மிஞ்சினால் எனக்குக் கவலையில்லை, அது நாள்தோறும் நடப்பது. பதவிக்கே போட்டியா என்று பயந்துவிட்டேன்.

பயம் தேவையற்றது என்று சீக்கிரமே தெரிந்தது. அந்தக் கடைசி வரிசை அக்கா வாழ்க்கையில் ஒரு தமாஷும் செய்ததில்லை. கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் அதைப் பதில் இல்லாமல் விட அவருக்கு வராது, அவ்வளவுதான்.

அக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோம். நாங்கள் பிளஸ் டூ முடித்து ஒருமுறை கோட்டை விட்டுவிட்டு மறுபடி வந்தவர்கள். அவர் பள்ளிக்கூடத்தை விட்டு எட்டொன்பது வருடம் ஆகியிருக்கும். எம். புதுப்பட்டிக்காரர். வாரம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும் வேலை, சனி ஞாயிறு வகுப்பு. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதல் அர்த்தம் வெடிமருந்துதான். இருமலுக்குக் குடிப்பது இரண்டாவது. “மருத்துவத்துக்குப் படிக்கேன்” என்று அக்கா சொன்னதற்கு அவர் தெருக்காரப் பெரியம்மா ஒருத்தி, “இம்புட்டு வருசமா மருந்துலதானடி கெடக்க, அதுக்கு எதுக்கு தனியாப் படிப்பு?” என்று கேட்டாளாம். அக்கா அதற்கும் நின்று பதில் சொன்னாராம். அது உடைக்கிற மருந்து, இது ஒட்டவைக்கிற மருந்து என்று. கம்பெனிக்கு நேரமாகி பஸ் போய்விட்டது.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். மாதிரித் தேர்வு விடைத்தாளை அவர் கொடுத்தால் ஓரத்தில் ஒரு வெள்ளிப் பெருவிரல் ரேகை இருக்கும். பெயர் பார்க்காமலே சார் தாளை எடுத்துவிடுவார்.

‘சாப்பிட்டீகளா’ என்பது எங்கள் ஊரில் கேள்வி இல்லை, வணக்கம். ‘ஆச்சு’ என்று ஒரு சொல் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அக்காவிடம் கேட்டால் மாட்டிக்கொண்டீர்கள். “ரெண்டு இட்லி. சட்டினி லேசா ஊசிப்போயிருந்துச்சு, பொடி வச்சுத் தின்னேன். மதியத்துக்குப் புளிச்சோறு இருக்கு. நீ?” என்று முடிப்பார். பஸ்ஸில் கண்டக்டர் பொதுவாக, “யாரும்மா அது படியில நிக்கிறது?” என்று சத்தம் போட்டால், நடுவில் உட்கார்ந்திருக்கும் அக்கா எட்டிப் பார்த்து, “ஊதாச் சட்டை போட்ட அண்ணன்” என்பார். அதனாலேயே அந்த ரூட்டில் ஊதாச் சட்டைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது.

இந்தக் குணம் கொண்ட ஒருவர் நீட் தேர்வை எழுதினால் என்ன ஆகும்?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகளைக் கொடுத்து, சரியானதன் வட்டத்தைப் பேனாவால் கருக்கச் சொல்வார்கள். சரியாக இருந்தால் நாலு மார்க். தப்பாக இருந்தால் ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். தொடாமல் விட்டால் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே தெரியாததை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அந்தப் புத்தி நிறைய இருந்தது. உயிரியல் பகுதியில் என் விடைத்தாள் அநேகமாக அச்சகத்திலிருந்து வந்தபடியே திரும்பிப் போகும்.

அக்கா ஒன்றைக்கூட விடமாட்டார். உயிரியலில் அதனால் நஷ்டமில்லை. அவருக்கு அதில் தெரியாதது இல்லை. வேதியியலும் நன்றாகவே வரும். பிசிக்ஸ்தான் கழித்தல் குறியோடு நிற்கும். பூஜ்யத்துக்கும் கீழே. இதில் ஒரு விசித்திரம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கருக்கினால்கூட சராசரிக் கணக்குப்படி கொஞ்சம் மார்க் தேறிவிடும்.

“அக்கா, ஆமத்தூர்ல எங்க வீட்டு வெள்ளாட்ட அந்தத் தாள் மேல நடக்க விட்டா உங்களவிடக் கூட வாங்கும்,” என்று ஒருநாள் சொன்னேன்.

“வாங்கும்லே. ஆடு யோசிக்காதுல்ல. நான் யோசிச்சுல்ல போடுதேன்.”

உண்மை அதுதான். பிசிக்ஸ் தாள் தயாரிக்கிறவர்கள், இயல்பாக யோசிக்கிற ஒரு மனிதர் எதைச் சொல்வாரோ அதையே பொறியாக ஒரு விடையில் வைப்பார்கள். அக்கா நேராகப் போய் அந்தப் பொறியில் காலை வைப்பார். உராய்வே இல்லாத தரையில் உருட்டிவிட்ட பந்து என்ன ஆகும் என்று கேள்வி. ‘சிறிது தூரத்தில் நிற்கும்’ என்று கருக்கியிருந்தார்.

“நிக்காதும்மா. போயிக்கிட்டே இருக்கும்,” என்றார் சார்.

“எம்புட்டு நேரம் சார்?”

“எப்பவும்.”

“உருட்டி விட்ட பொருளு எப்பவும் போயிக்கிட்டே இருந்து எங்கன பாத்தீக?”

“பாக்கலம்மா. அப்படி ஒரு தரை கெடையாது.”

“பின்ன?”

சார் கொஞ்ச நேரம் சன்னல் வழியாக மண்டிக்கு வந்த லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இன்ஜினியரிங் முடித்தவர். தன் படிப்பைப் பற்றி அவருக்கே சில சந்தேகங்கள் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நேர் எதிர் வியாதி. பிசிக்ஸ் வரும். உடம்பைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அதற்குப் பசிக்கும் என்பது மட்டும். “உங்க ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு டாக்டர் வருவான்,” என்பார் சார். அன்றிலிருந்து எங்களுக்கு அரை டாக்டர்கள் என்று பெயர். பலசரக்கு மண்டிக்காரர்வரை அப்படித்தான் கூப்பிட்டார். அரையும் அரையும் மதியச் சோற்று வேளையில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக்கொண்டோம்.

“ஈரல் எங்கன இருக்கு, தொட்டுக் காட்டுலே.”

தொட்டேன்.

“அங்கன இருக்கது மண்ணீரல். இப்படியே போய்ப் பரீட்சை எழுதுனேன்னா, நாளைக்கு ஒருத்தன் வயித்தத் தப்பான பக்கம் தொறந்துட்டு நிப்ப. கை அந்தப் பக்கம் போகட்டும். ம். இப்ப ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா என்ன என்ன இருக்குன்னு சொல்லு.”

இப்படி என் உடம்பையே எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். இன்றைக்கும் நோயாளியின் வயிற்றில் கை வைக்கும்போது முதலில் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். அடக்கிக்கொள்கிறேன்.

நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிசிக்ஸ் மட்டும் ஏறவில்லை. மாதிரித் தேர்வில் என் பின்னால்தான் உட்காருவார். பிசிக்ஸ் பகுதி வந்ததும் அறை முழுக்கப் பேனாக்கள் நின்றுவிடும். எல்லோரும் தெரிந்தது எது, விடவேண்டியது எது என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு பேனா மட்டும் நிற்காது. கரக், கரக், கரக். தாளில் பந்துமுனை வட்டம் சுற்றுகிற சத்தம். ஒரு வட்டம் முடிந்து சின்ன மௌனம். மறுபடி கரக், கரக்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சார் அக்காவின் பழைய மார்க்கை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டார். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

“இந்தா பாரும்மா. நீங்க படிச்சது அரசுப் பள்ளிக்கூடம். அந்த ஒதுக்கீட்டுல, போன வருசம் நீங்க பிசிக்ஸ்ல கையே வைக்காம பேனாவ மூடி வச்சிருந்தா சீட்டு கெடச்சிருக்கும். படிச்சு ஒண்ணும் ஆகவேண்டாம். விட்டாப் போதும்.”

“கேட்டிருக்காகளே சார்.”

“கேட்டா என்னம்மா, விடுங்க.”

அந்தச் சீட்டு அக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வருடம் சனிக்கிழமையும் கம்பெனிக்குப் போயாக வேண்டும். இதுதான் கடைசித் தடவை என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

“இவங்களுக்கு விடுறதுக்குப் பழக்கிவிடுறது உன் வேல,” என்றார் சார் என்னிடம். “நீதான் அதுல கெட்டிக்காரன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக என் திறமையை ஒருவர் அங்கீகரித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினேன். நான் கேள்வி கேட்பேன், அக்கா வாயைத் திறக்கக் கூடாது.

“உங்க ஊரு எது?”

உதடு துடித்தது. துப்பட்டா நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு என்ன கெழம?”

கழுத்து நரம்பு புடைத்தது.

“சாப்பிட்டீகளா?”

“கண்ணு முன்னாடிதானலே சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“போச்சு. மைனஸ் ஒண்ணு.”

சிரித்துவிட்டார். மறுபடி, மறுபடி. ஒவ்வொன்றிலும் தோற்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு சின்னக் கேள்வியை விழுங்குவதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்தால் இரும்பை விழுங்குகிறார் என்று தோன்றும். நான் அன்று காலையில்தான், செல்போனில் எவனோ சொன்னதை நம்பி, அரும்பு மீசையைச் சுத்தமாக மழித்துவிட்டு வந்திருந்தேன். உரித்த பனங்கிழங்குபோல இருக்கிறது என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதற்காவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்று முகத்தை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

“அக்கா, எம் மூஞ்சி எப்படி இருக்கு?”

பதில் இல்லை.

கொஞ்சம் காத்திருந்தேன். உதடு துடிக்கவில்லை. துப்பட்டா கையிலிருந்து நழுவியிருந்தது. “பாத்தீகளா, விட்டுட்டீக. இம்புட்டுத்தான்க்கா வித்தை,” என்று கையைத் தட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. பையை எடுத்துத் தோளில் போட்டார். படியிறங்கிப் போய்விட்டார். தூக்குச்சட்டி திறந்தபடி கிடந்தது.

மூடியைத் தேடிப் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சிவகாசி பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டியை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, மீச வளந்துரும்க்கா,” என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயம் வந்தால் எனக்கு இப்படித்தான் ஏதாவது வரும்.

“ஒன்னால இல்லலே. ஒக்காரு,” என்றார்.

அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து மருந்து அடைப்பார்களாம். எதிரில் இருந்தவள் கண்ணாடியாம் அவருக்கு. அங்கே கண்ணாடி கிடையாது. மூஞ்சியில் பொடி ஒட்டியிருக்கிறதா, பொட்டு நேராக இருக்கிறதா என்று ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி சொல்வாள். தினம் பத்துத் தடவை நடக்கும் பேச்சு. ஒருநாள் அக்கா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறார்.

“வெடிகூட இல்லலே. குப்புன்னு ஒரே ஒரு பொறி. பூச்சட்டி வச்சா எரியும்ல, அம்புட்டுத்தான். ஆனா அவ மூஞ்சி அதுக்கு நேரா இருந்துச்சு.”

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவளுக்குக் கண் வீங்கித் திறக்க முடியவில்லை. பேச்சு மட்டும் தெளிவாக இருந்திருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியாம். எம் மூஞ்சி எப்படி இருக்கு. கட்டு மாற்ற வந்தவர்களிடம் கேட்டாள், பெற்ற அம்மாவிடம் கேட்டாள். எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். பால் குடிக்கியா, தூங்குத்தா. கடைசியில் அக்கா போனார்.

“காலடிச் சத்தத்துலயே கண்டுக்கிட்டா. நீ சொல்லுடி, நீ பொய் சொல்லமாட்டன்னா. நேத்துவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தவதான நானு. பொட்டு கோணலா இருக்குடி, கன்னத்துல பொடியா இருக்குடின்னு. வாய் வரலலே. மேல ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ காத்துக்கிட்டே இருந்தா. அப்புறம், ‘சரிடி’ன்னா. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் யாருகிட்டயும் அந்தக் கேள்வியக் கேக்கல. ஒண்ணுமே கேக்கல. விடியக்காலையில போயிட்டா.”

ஒரு பஸ் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டு எங்கள் பக்கம் நிற்காமல் போனது.

“நான் பேசாம நின்னதையே பதிலா எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நல்லாருக்குன்னு சொல்லியிருக்கலாம். நல்லா இல்லன்னும் சொல்லியிருக்கலாம். தப்பாவே சொல்லியிருந்தாலும் ஒரு மார்க்குதான போகும்? வெறுமன விட்டுட்டேனே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நான் என்ன சொல்லியிருக்கணும்?”

எனக்கு வயது பதினெட்டு. மீசையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். “நாலு ஆப்சன் குடுங்கக்கா,” என்றேன்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, அவர் எப்போதும் செய்வதுபோல, அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். வெள்ளி மின்னும் விரல்களை மடக்கினார்.

“ஒண்ணு, நல்லாருக்கு. ரெண்டு, நல்லா இல்ல. மூணு, ஆறிரும். நாலு…”

சிவகாசி பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே உள்ளே நுழைந்தது. அவர் வாய் அசைந்தது. கேட்கவில்லை. சட்டியோடு ஓடிப்போய் ஏறிவிட்டார். சன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். நாலாவது என்ன என்று அடுத்த வாரம் கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

தேர்வு வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். நான் உயிரியலில் ஈரலைச் சரியான பக்கத்தில் வைத்தேன். முடிவு வந்த அன்று வகுப்புக் கம்ப்யூட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். என் இரண்டு அரைகளும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் ஒரு சீட்டு கிடைக்கும் அளவுக்கு மார்க். சார் அக்காவின் எண்ணைத் தட்டினார். உயிரியல் கிட்டத்தட்ட முழுசு. வேதியியல் போன வருடத்தைவிட மேல். பிசிக்ஸுக்கு நேராக அதே சின்னக் கோடு, மைனஸ். இன்னும் ஒரு பத்துக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால் போதும் என்று சார் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனம்மா விட்டீங்க?”

“ஒண்ணு சார்.”

“ஒண்ணா?”

“நீங்க சொன்னீகளேன்னு ஒண்ண விட்டுப் பாத்தேன் சார். அந்த வட்டம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கடுத்த கேள்வியில எழுத்தே தெரியல. சரி, இது நமக்கு ஆகாதுன்னு மத்ததப் பூராம் போட்டுட்டேன்.”

“விட்டிருந்தா சீட்டும்மா,” என்றார் சார். அவர் குரல் உடைந்திருந்தது. “விட்டிருந்தா இன்னைக்கு நீங்க டாக்டர்.”

“விடுறவளுக்கு எதுக்கு சார் சீட்டு? பதில் சொல்லாம விடுறதுக்குத்தான் ஆஸ்பத்திரியில ஏற்கெனவே ஆளு இருக்கே.”

என் தலையில் வெள்ளி விரலை வைத்து ஒரு குட்டு வைத்தார். “நீ போலே. போய் முழு டாக்டரா ஆகு,” என்றுவிட்டுப் படியிறங்கினார். அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசி முறை. அப்புறம் அவர் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. இன்னும் ஒவ்வொரு வருடமும் எழுதுகிறார் என்று ஒருத்தி சொன்னாள். ஆனைக்குட்டம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார் என்று இன்னொருத்தன் சொன்னான். இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியாது.

சத்தம் ஆரம்பித்தது மருத்துவக் கல்லூரியில். முதல் வருட வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நான் வழக்கம்போல மேசைமேல் இல்லாத பொருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கரக், கரக் என்றது. திரும்பிப் பார்த்தேன். சுவர். பின்னால் யாராவது இருந்தால் கூப்பிட்டு வாருங்கள், அவராவது சொல்லட்டும் என்றார் பேராசிரியர்.

அதிலிருந்து அடிக்கடி வரும். நான் எந்தக் கேள்விக்கு வாயை மூடினாலும் வரும். விடுதியில் மற்றவர்கள் சொல்லும் பேய்க்கதைகளில் பேய்க்குக் கொலுசாவது இருக்கும், மல்லிகைப்பூ வாசமாவது இருக்கும். எனக்கு வாய்த்ததிடம் இருப்பது ஒரு கறுப்புப் பந்துமுனைப் பேனா. மனநலப் பிரிவில் இருக்கும் நண்பனிடம் சொன்னேன். நீ காது டாக்டரைப் போய்ப் பார் என்றான். காது டாக்டர் வேலை பார்க்கும் நண்பன் அவனைப் பார்க்கச் சொன்னான். எங்கள் துறையில் ஒரு நோயாளியை எப்படிக் கைமாற்றுவது என்பதை என் மேலேயே செய்து காட்டினார்கள்.

இப்போது நான் பயிற்சி மருத்துவர். இந்த மாதம் தீக்காய வார்டு. தீபாவளி சீசன் நெருங்குவதால் சிவகாசி, சாத்தூர் பக்கத்து முகங்கள் வருகின்றன. காலை ரவுண்டில் பெரிய டாக்டர்கள் முன்னால் போக, நான் கேஸ் தாள்களைச் சுமந்துகொண்டு கடைசியில் போவேன். நோயாளிகளின் கேள்விகள் முன்னால் போகிறவர்களைத் தாண்டிக் கடைசி ஆளிடம்தான் வந்து விழும். நடந்துகொண்டே இருந்தால் கேள்வி கீழே விழுந்துவிடும் என்று எனக்கு முந்தைய மாதம் இங்கே இருந்தவன் சொல்லிக்கொடுத்திருந்தான். நல்ல யோசனைதான். பிறவியிலேயே எனக்கு அது தெரியும்.

போன வாரம் சன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். கம்பெனியில் குப்பென்று ஒரு பொறி. கண்ணைச் சுற்றி வீக்கம். பெரியவர்கள் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். நானும் ஒரு காலை எடுத்து வைத்தேன்.

“டாக்டரய்யா.”

“சொல்லுங்கம்மா.”

“எம் மூஞ்சி எப்படி இருக்கு?”

எனக்கு உடனே ஒரு தமாஷ் வந்தது. எப்போதும் வரும். என் மூஞ்சிக்கு உங்கள் மூஞ்சி தேவலை என்பது மாதிரி ஒன்று. அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கரக், கரக்.

கேஸ் தாள்களைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் குனிந்தேன். முதலில் பார்க்க வேண்டுமே. நெற்றி, கன்னம், மூக்கு, உதடு என்று அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“இப்ப நல்லா இல்லம்மா,” என்றேன். “எடது கன்னமும் நெத்தியும் வெந்திருக்கு. உரிஞ்சு செவந்துபோயி இருக்கு. மூக்கும் உதடும் தப்பிச்சிருச்சு. ஆறும். ஆறுனதுக்கு அப்புறம் நல்லாருக்கும், ஆனா பழைய மாதிரி இருக்காது. எடது பக்கம் தோலு கொஞ்சம் இழுத்துக்கிட்டு நிக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நல்லாருக்கு, நல்லா இல்லை, ஆறிவிடும். மூன்றையும் சொல்லியிருந்தேன். பஸ் ஹாரனில் அமுங்கிப்போன நாலாவது ஆப்சன் வேறு என்னவாக இருக்க முடியும்? கேள்வித்தாள்களில் வழக்கமாகக் கடைசியில் வருவதுதானே அது. மேற்கண்ட அனைத்தும். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தேர்வுக்கு யாரும் விடை வெளியிடுவதில்லை.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரு மார்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

“அம்புட்டுத்தானா,” என்றார் அந்தம்மா. “மூக்கே போச்சுன்னுல்ல நெனச்சேன். இதச் சொல்லவா நேத்துலருந்து எல்லாரும் இப்படி ஊமையா நிக்கீக?”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். இதோடு பின்னால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் அக்கா கருக்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு வட்டத்தைத்தானே. திரும்பிப் பார்க்காமல் காதைக் கொடுத்தேன். நின்றது.

“சரி, கை?” என்றார் அந்தம்மா, கட்டுப்போட்ட வலது கையை லேசாகத் தூக்கி. “இது மடங்குமா?”

முன்னால் பெரியவர்கள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன். அந்தச் சின்ன மௌனம் முடிந்து, பின்னால் பேனா அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தது.